அம்மாவுக்கும் ஒரு ஜெனரல் ஷிப்ட்

காலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் சுங்குவார்சத்திரம் கூட்ரோட்டில் கம்பெனி பஸ்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். கழுத்தில் ஐ.டி. கார்டும் கையில் டிபன் பையுமாக ஏ ஷிப்ட்காரர்கள் ஏறிப் போனதும் ஜெனரல் ஷிப்ட்டுக்கான பஸ்கள் வரும். எட்டரைக்குள் ஸ்கூல் வேன்கள் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். ஒன்பது மணிக்கு மேல் வல்லம், மாம்பாக்கம், மாத்தூர், எச்சூர் என்று எந்தத் தெருவில் நடந்தாலும் மிஞ்சியிருப்பது இரண்டு தரப்புதான். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிறவர்கள் ஒரு தரப்பு. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் இன்னொரு தரப்பு.

மூன்று வயதுக் குழந்தைக்குக் காலையில் போக அங்கன்வாடி இருக்கிறது. இருபது வயதுப் பெண்ணுக்கு கம்பெனி இருக்கிறது. எழுபது வயது அம்மாவுக்குத்தான் போக இடம் இல்லை.

“டி.வி.யைப் போட்டுக் கொடுத்துட்டு, சோத்தை மூடி வச்சிட்டு வந்துட்டேன்” என்பது இந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பெண்கள் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம். பல எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் செல்போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் லைனுக்குள் போக முடியும். டீ பிரேக்கில் எடுத்துப் பார்த்தால்தான் வீட்டிலிருந்து நாலு மிஸ்டு கால் வந்திருப்பது தெரியும். திரும்பக் கூப்பிட்டால், “ஒண்ணுமில்லை, சும்மாதான் போட்டேன்” என்பார் அம்மா. அந்தச் சும்மாவுக்குள் என்ன இருந்தது என்று யோசித்துக்கொண்டேதான் மிச்ச ஷிப்ட் ஓடும்.

பேரன் எல்.கே.ஜி. போன பிறகு

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998-ல். அந்த ஆண்டு இருபத்திரண்டு வயதில் அப்ரன்டிஸாக உள்ளே போன டிப்ளமோக்காரருக்கு இப்போது ஐம்பதை ஒட்டிய வயது. அவருடைய அம்மாவுக்கு எழுபது தாண்டியிருக்கும். 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான், 2012-ல் பாரத்பென்ஸ் லாரிகள், 2013-ல் ராயல் என்ஃபீல்டு என்று அடுத்தடுத்து வந்த ஆலைகளில் சேர்ந்தவர்களின் பெற்றோரும் அதே வரிசையில் முதுமைக்குள் நுழைந்துகொண்டிருக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் பக்கத்தை இளைஞர்களின் ஊர் என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2011 கணக்கெடுப்பில் 10.4 சதவீதம். 2031-ல் அது 18.2 சதவீதம் ஆகும் என்கிறது மத்திய அரசின் மதிப்பீடு. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான்.

இங்கே இருக்கும் பெரியவர்கள் இரண்டு விதம். ஒரு விதம், மண்ணின் மக்கள். ஏரிப் பாசனத்தில் நெல் போட்டவர்கள். நிலம் சிப்காட்டுக்குப் போனது, அல்லது மனை போட்டு விற்றது. கிடைத்த பணத்தில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, ஒடிஷா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் வாடகை வந்துவிடும். பிள்ளைகள் தாம்பரத்திலோ போரூரிலோ ஃபிளாட் வாங்கிப் போய்விட்டார்கள். வீட்டு வாசலில் பத்துப் பேர் போய்வருகிறார்கள், பெரியவரோடு நாலு வார்த்தை பேசத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. திண்ணை இருந்த இடத்தில் ஷட்டர் போட்டு மொபைல் கடையாக்கியாகிவிட்டது. அதற்கும் வாடகை வருகிறது.

இன்னொரு விதம், பிள்ளையோடு வந்தவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து இங்கேயே கல்யாணம் முடித்துக் குடித்தனம் போட்டவர்கள், குழந்தை பிறந்ததும் ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவருகிறார்கள். வந்த அம்மாவுக்கு மூன்று வருடம் மூச்சுவிட நேரம் இருக்காது. குழந்தையைக் குளிப்பாட்டுவது முதல் தூங்கவைப்பது வரை அவர் பொறுப்பு. பிறகு ஒரு ஜூன் மாதம் பேரன் எல்.கே.ஜி.க்குப் போகிறான். அன்று காலை ஒன்பது மணியிலிருந்து அவருக்கு வேலை இல்லை. ஊரில் இருந்த மாட்டை எப்போதோ விற்றாகிவிட்டது. ரேஷன் கார்டு ஊர் விலாசத்தில் இருப்பதால் இங்கே தாலுகா ஆபீஸ் கணக்கில் அவர் ஆளே இல்லை. பக்கத்து போர்ஷன்காரர்களும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். இரண்டு அறை, ஒரு டி.வி., மாலை நாலு மணிக்கு வரப்போகும் ஸ்கூல் வேன். அதுவரை ஏழு மணி நேரம்.

ஆண்கள் நிலைமை கொஞ்சம் தேவலை. டீக்கடை பெஞ்சு இருக்கிறது, தினத்தந்தி இருக்கிறது, மரத்தடியில் சீட்டாட்டம் இருக்கிறது. டாஸ்மாக்கும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. பெண்களுக்கு கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயில், புரட்டாசி சனிக்கிழமைக்குப் பெருமாள் கோயில். அதற்கும் யாராவது சாலையைக் கடத்திவிட வேண்டும். வண்டலூர் – வாலாஜாபாத் சாலையை அகலப்படுத்தியபின் கன்டெய்னர் லாரிகளும் கார் ஏற்றிப்போகும் டிரெய்லர்களும் நிற்காமல் ஓடுகின்றன. முட்டிவலிக்காரர் ஒருவர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவது ஒரு தீரச்செயல். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று 2021-ல் வந்தது பெரிய விஷயம்தான். ஆனால் பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம் இருக்கிறதே.

ஏரிக்கரையில் ஒரு சங்கம்

முதியோருக்கான பகல்நேர மையம் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சமாசாரம் என்று நினைக்கிறோம். காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் 2008-லிருந்து ஒன்று நடந்துகொண்டுதான் இருந்தது. அதற்கு அந்தப் பெயர் யாரும் வைக்கவில்லை. நூறு நாள் வேலை என்றார்கள்.

ஏரிக்கரையிலோ வாய்க்கால் ஓரத்திலோ நடக்கும் அந்த வேலைத்தளத்தைக் கிட்டே போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தலைக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, பழைய ஃபுல் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டுக்கொண்டு வரும் பெண்களில் அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனையோ பேர். கடப்பாரை பிடிக்க முடிகிறவர்கள் வெட்டுவார்கள். முடியாதவர்களுக்குப் பணித்தளப் பொறுப்பாளர் தண்ணீர் கொடுக்கும் வேலையையோ குழந்தைகளைப் பார்க்கும் வேலையையோ கொடுப்பார். பதினொரு மணிக்குத் தூக்குவாளிகள் திறக்கும். யார் வீட்டில் என்ன குழம்பு, யார் மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருக்கு சர்க்கரை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எல்லாம் அங்கே பேசப்படும். இரண்டு நாள் வராதவரை மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்கே போய்ப் பார்ப்பார்கள். ‘சும்மா உட்கார்ந்து கூலி வாங்குகிறார்கள்’ என்று நகரத்துக்காரர்கள் கிண்டல் செய்தது இதைத்தான். அந்தக் கிழவிகளுக்கு வருடத்தில் சில வாரங்கள் காலையில் கிளம்பிப் போக ஓர் இடம் இருந்தது, கையில் காசும் வந்தது. ‘உட்கார்ந்தார்கள்’ என்பதையே குற்றமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

ஒரு நாளைக்கு இரண்டு முறை போட்டோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும் என்று 2023-ல் கட்டாயமாக்கியபோதே வயதானவர்கள் திணறினார்கள். 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நூறு நாள் வேலைச் சட்டத்தையே மாற்றி, 125 நாள் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தது. மாநிலம் எவ்வளவு கொடுப்பது, மத்திய அரசு எவ்வளவு கொடுப்பது என்று சண்டை நடந்தது. வேலைத்தளம் ஒரு கிழவிக்கு சங்கமாகவும் இருந்தது என்பது அந்த விவாதத்தில் பெரிதாக வரவில்லை. தொழில் வளர்ந்து ஊராட்சியை நகராட்சியோடு சேர்க்கும் பேச்சு வரும்போதெல்லாம் தமிழ்நாட்டுக் கிராமங்கள் மறியலில் உட்காருவதற்கு ஒரு காரணம், அதோடு நூறு நாள் வேலை போய்விடும் என்பதுதான்.

இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்களும் மையத்துக்கு வந்து மதியம் சாப்பிடலாம் என்று விரிவுபடுத்தினார். பக்கத்தில் பேரப்பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருக்க, பாட்டியும் சாப்பிட்டுவிட்டு நிழலில் கொஞ்சம் சாய்ந்துவிட்டு வரலாம். அது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம்தான் பலரைத் தடுத்தது. ‘ஆதரவற்றோர்’ என்ற சொல்லோடு கொடுக்கப்படும் சோற்றை, பிள்ளை பெற்ற எந்தத் தாயும் வரிசையில் நின்று வாங்கமாட்டார்.

இதற்கு நடுவே அரசின் போக்கு வேறு பக்கம் திரும்பியது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மூலம் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. தேவைப்பட்டால் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டத்தில் எழுபது வயதைக் கடந்தவர்களுக்கு ரேஷன் வீடு தேடி வந்தது. 2023 ஆகஸ்டிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்த முதியோர் உதவித்தொகை வங்கிக் கணக்கில் விழுகிறது. நடக்க முடியாதவருக்கு இவையெல்லாம் பெரிய உதவி, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடக்க முடிகிற ஒரு பாட்டியின் பக்கமிருந்து பாருங்கள். மாத்திரைக்கு ஆரம்ப சுகாதார நிலையம், சர்க்கரைக்கு ரேஷன் கடை, பணத்துக்குத் தபால் ஆபீஸ் என்று அவர் புடவை மாற்றிக்கொண்டு வெளியே கிளம்பக் காரணங்கள் இருந்தன. வரிசையில் நிற்பது கொடுமைதான். அந்த வரிசையில்தான் அவருக்குத் தெரிந்தவர்களும் நின்றார்கள். எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. வாசலைத் தாண்ட வேண்டிய தேவைதான் இல்லாமல் போய்விட்டது.

2007-ல் வந்த பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் கண்ணும் இதே திசையில்தான் இருக்கிறது. சோறு, துணி, இருக்க இடம், வைத்தியம் ஆகியவற்றைத் தராத பிள்ளையிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித்தர கோட்டாட்சியர் தலைமையில் தீர்ப்பாயம் உண்டு. மாவட்டத்துக்கு ஒன்றாவது 150 பேர் தங்கும் முதியோர் இல்லம் இருக்கலாம் என்கிறது சட்டம். பிள்ளை கைவிட்டால் என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. பிள்ளை கைவிடவில்லை, காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போயிருக்கிறான், அவ்வளவுதான் என்றால் பதில் இல்லை.

ஐம்பது பேருக்கு ஓர் அன்புச்சோலை

அந்த இடைவெளி அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம், 2025 மார்ச் 14-ல் வாசிக்கப்பட்ட தமிழக பட்ஜெட். ‘அன்புச்சோலை’ என்ற பெயரில் 25 பகல்நேர முதியோர் மையங்கள், 10 கோடி ரூபாய். மதுரை, கோவை, திருச்சி, சேலம் போன்ற பத்து மாநகராட்சிகளில் தலா இரண்டு, சென்னையில் இரண்டு. மீதி மூன்றும் எங்கே என்பதுதான் நமக்கு முக்கியம். தொழில் மாவட்டங்கள் என்று குறிப்பிட்டு இராணிப்பேட்டை, கிருஷ்ணகிரி, காஞ்சிபுரம் மூன்றுக்கும் தலா ஒன்று ஒதுக்கினார்கள். 2025 நவம்பர் 10-ல் திருச்சியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். தொழிற்சாலை வந்தால் பகலில் வீட்டில் பெரியவர்கள் தனியாக இருப்பார்கள் என்பதை ஓர் அரசு ஆவணம் ஒப்புக்கொண்டதாகவே இதைப் படிக்கிறேன்.

ஏற்பாடு எளிமையானது. அறுபது வயதானவர்கள் காலையில் வந்து மாலையில் வீட்டுக்குப் போகலாம். தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. மதியச் சாப்பாடு, யோகா, கேரம் போர்டு, புத்தகங்கள், பிசியோதெரபி, பார்த்துக்கொள்ள ஆட்கள். ஒரு மையத்தில் ஐம்பது பேர் என்பது கணக்கு.

25 மையம், தலா 50 பேர் என்றால் மாநிலம் முழுக்க 1,250 பேர். காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு ஐம்பது பேர். தொடக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். இதே வட்டாரத்தில் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்காக சிப்காட் கட்டிய குடியிருப்பு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய், 18,720 படுக்கைகள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டால் பெண்கள் உடல்நலம் கெட்டு, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியபின் தங்குமிடம் என்ற விஷயம் எல்லோர் கண்ணிலும் பட்டது. தேவை என்று முடிவு கட்டிவிட்டால் நிலமும் கிடைக்கும், பணமும் கிடைக்கும் என்பது அதில் தெரிந்தது. பெரியவர்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடமாட்டார்கள்.

மையம் திறப்பது பாதி வேலைதான். கேரளத்தில் உள்ளாட்சிகள் ‘பகல் வீடு’ என்ற பெயரில் இப்படிப்பட்ட இடங்களை வெகு காலமாக நடத்துகின்றன. நன்றாக ஓடுகிறவை உண்டு, கட்டடம் கட்டித் திறப்புவிழா நடத்தியபின் பூட்டியே கிடப்பவையும் உண்டு. பூட்டு விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் சாதாரணமானது: வண்டி இல்லை, சமைக்க ஆள் இல்லை, நடத்துகிறவருக்குச் சம்பளம் சரியாக வரவில்லை.

வண்டி விஷயத்தை ஜப்பானியரும் கொரியரும் தீர்த்த விதம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஜப்பான் 2000-லும் தென் கொரியா 2008-லும் முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தன. அதன்கீழ் காலையில் வேன் வீட்டு வாசலுக்கு வந்து தாத்தா பாட்டிகளை ஏற்றிக்கொள்ளும். மையத்தில் குளியல், சாப்பாடு, உடற்பயிற்சி, பாட்டு, கைவேலை. மாலையில் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடும். செலவின் சிறு பங்கை மட்டும் குடும்பம் கொடுக்கும், மீதி காப்பீடு. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் கம்பெனியின் தாய்நாட்டிலும், வல்லம் வடகாலில் பைக் செய்யும் ஜப்பானியக் கம்பெனியின் தாய்நாட்டிலும் இது தினசரிக் காட்சி. இங்கேயும் கம்பெனி பஸ்கள் காலை, மாலை, நடுராத்திரி என்று கிராமம் கிராமமாகச் சுற்றுகின்றன. ஏ ஷிப்ட்டை இறக்கிவிட்டு, அடுத்த ட்ரிப் வரை சாலையோர மரத்தடியில் சும்மா நிற்கும் பஸ்களின் எண்ணிக்கை கொஞ்சமில்லை. படிக்கட்டு உயரம், ஒப்பந்தம், இன்ஷூரன்ஸ் என்று ஆயிரம் சிக்கல் சொல்வார்கள். சொல்லட்டும், உட்கார்ந்து பேசினால் தீராத சிக்கல் ஒன்றும் அதில் இல்லை.

நேரமும் ஒரு பிரச்னை. காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்கு மூடும் இடம் அரசு அலுவலர் குடும்பத்துக்குப் பொருந்தும். ஆறு மணிக்கு பஸ் ஏறுகிற மகள், பத்து மணிக்கு அம்மாவைக் கொண்டுபோய் விட முடியாது. இந்த வட்டாரத்தில் மையம் ஏழு மணிக்காவது திறக்க வேண்டும், காலை டிபனும் அங்கேயே இருக்க வேண்டும்.

சட்டத்திலேயே எழுதியிருக்கிறது

குழந்தை விஷயத்தில் சட்டம் கம்பெனியைச் சும்மா விடவில்லை. முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டமே சொன்னது. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் இடங்களுக்கு அதைக் கட்டாயமாக்கினார்கள். வீட்டிலிருக்கும் பெரியவரைப் பற்றி அப்படி ஒரு வரி கிடையாது. அம்மாவுக்கு முடியவில்லை என்று லீவு போட்டுப் போட்டு, கடைசியில் வேலையை விட்டு நிற்பது பெரும்பாலும் மகளோ மருமகளோதான். கம்பெனியின் ரெஜிஸ்டரில் அது ‘சொந்தக் காரணம்’ என்று பதிவாகும்.

ஆனால் இன்னொரு சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். எதற்கெல்லாம் செலவிடலாம் என்று ஏழாவது அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. அதன் மூன்றாவது இனத்தில் முதியோர் இல்லங்களும், மூத்த குடிமக்களுக்கான பகல்நேரப் பராமரிப்பு மையங்களும் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. ஆலை இருக்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பதும் அதே சட்டம்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் சி.எஸ்.ஆர். என்றால் ஸ்மார்ட் கிளாஸ், ஆர்.ஓ. தண்ணீர் இயந்திரம், ஏரி தூர்வாருதல், மரக்கன்று. எல்லாம் வேண்டியவைதான். போட்டோவுக்கும் நன்றாக இருக்கும். ஐம்பது கிழவிகள் கேரம் ஆடும் போட்டோ ஆண்டறிக்கையில் அவ்வளவு எடுப்பாக இருக்காது என்று நினைக்கிறார்களோ என்னவோ. கட்டடம் கட்டிக் கொடுப்பதைவிடச் சம்பளம், சாப்பாடு, டீசல் என்று வருடாவருடம் ஓடும் செலவுக்கு ஒப்புக்கொள்ளத்தான் கம்பெனிகள் தயங்குகின்றன. அரசு கணக்கையே எடுத்துக்கொண்டாலும் 10 கோடியை 25-ஆல் வகுத்தால் ஒரு மையத்துக்கு 40 லட்சம் ரூபாய். இங்குள்ள பெரிய ஆலைகள் நாலைந்து சேர்ந்தால், இதற்காகப் புதிதாக யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை.

கட்டடம்கூடப் புதிதாக வேண்டியதில்லை. 2006 முதல் 2011 வரை நடந்த அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகம் கட்டினார்கள். அவற்றில் பல வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து, சில பின்னால் புதுப்பிக்கப்பட்டன. ஒரு ஹால், ஒரு கழிப்பறை, வாசலில் ஒரு வேப்பமரம். வேறென்ன வேண்டும்?

கழிப்பறை என்றதும் ஒன்று. எந்த மையத்தைப் பார்க்கப் போனாலும் ரிசப்ஷனில் உட்கார்ந்து விளம்பரப் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் கழிப்பறைக்குள் போய்ப் பாருங்கள். வெஸ்டர்ன் கமோடு இருக்கிறதா, பக்கத்தில் பிடித்து எழுந்திருக்கக் கைப்பிடி இருக்கிறதா, தரை ஈரமாகக் கிடக்கிறதா, உள்தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியுமா. பிறகு மதியம் கொஞ்சம் படுக்கக் கட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு யாருடையது என்று கேளுங்கள். “எல்லாரும் பாத்துப்போம்” என்று பதில் வந்தால், யாரும் பார்ப்பதில்லை என்று அர்த்தம். சென்னையில் தனியார் மையங்கள் பெருகிவருகின்றன. வசதி நன்றாகவே இருக்கும். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் கட்டணத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிவர வேண்டியதுதான்.

‘நான் வரலை, நீ போ’

இடம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அம்மா வரமாட்டார். “என்னை எங்கேயாவது கொண்டுபோய்த் தள்ளிடலாம்னு பாக்கிறியா?” என்பதுதான் முதலில் வரும். முதியோர் இல்லம் என்ற பயம் நம் வீடுகளில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது. பகலில் போய் மாலையில் திரும்புவது வேறு விஷயம் என்று வாயால் சொல்லி விளங்கவைப்பது கஷ்டம். “உன்னைப் பார்த்துக்க ஆள் இருக்காங்க” என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் போகத் தோன்றும்? “அங்கே இருபது பேருக்குச் சமைக்கிறாங்களாம், குழம்பு வைக்கத் தெரியலையாம்” என்று சொல்லிப் பாருங்கள். நாற்பது வருடம் நாற்று நட்ட கைக்கும், முந்நூறு பேர் கல்யாணத்துக்குச் சமைத்த கைக்கும் கேரம் போர்டு மட்டும் போதாது. கீரை ஆய்வது, பூக் கட்டுவது, அங்கன்வாடிக் குழந்தைகளுக்குக் கதை சொல்வது என்று ஏதாவது ஒரு வேலை வேண்டும். முடிந்தால் பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவரையும் சேர்த்து அனுப்புங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவர் துணையோடு போய்விடுவார்.

மறதி நோய் உள்ளவர் விஷயம் தனி. 60 வயதைக் கடந்த இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று லாசி என்ற தேசிய முதியோர் ஆய்வைத் தொடர்ந்த கணக்கீடு சொல்கிறது. கேட்டதையே கேட்பது, அடுப்பை அணைக்காமல் விடுவது, வாசல் தாண்டிப் போய் வழி தெரியாமல் நிற்பது எல்லாவற்றையும் ‘வயசாயிடுச்சு’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். கதவை வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போகும் குடும்பங்கள் இந்த வட்டாரத்திலும் உண்டு. அவர்களைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. திறந்துவிட்டால் வெளியே இருப்பது நெடுஞ்சாலை. இப்படிப்பட்டவரைச் சாதாரண மையத்தில் கொண்டுபோய் விடுவதற்குமுன் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். இதில் தமிழ்நாடு பின்தங்கிய மாநிலம் இல்லை. சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் முதியோருக்கென்று தனி வெளிநோயாளர் பிரிவு தொடங்கியது 1978-ல். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் 2024 பிப்ரவரி 25-ல் திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கிண்டி எட்டாத தூரம் இல்லை. ஒரு நாள் லீவு போட்டால் போய்வந்துவிடலாம். எங்கே என்ன உதவி கிடைக்கும் என்று கேட்க 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது, கட்டணம் இல்லை.

மையத்துக்காகக் காத்திருக்கிறவர்கள் செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சாலை, குடிநீர், தெருவிளக்குக்கு அடுத்தபடி இதையும் ஒரு தீர்மானமாக வைக்கச் சொல்லுங்கள். எந்தக் கட்டடம், ஊரில் அறுபது தாண்டியவர்கள் எத்தனை பேர், அவர்களில் பகலில் தனியாக இருப்பவர்கள் எத்தனை பேர், கூட்டிவர எந்த வண்டி என்பது அதில் இருக்க வேண்டும். ஷிப்ட்காரர்கள் லீவு நாளில் தூங்கத்தான் பார்ப்பார்கள், இந்த ஒரு நாள் பெரியவர்களையும் அழைத்துக்கொண்டு வந்து உட்காரட்டும். தீர்மான நகலில் ஊராட்சியின் முத்திரை வாங்கி, மாவட்ட சமூகநல அலுவலருக்கு ஒன்றும், ஊருக்குப் பக்கத்திலிருக்கும் கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பிரிவுக்கு ஆளுக்கொன்றும் அனுப்புங்கள். கம்பெனிகளின் நிதியாண்டு மார்ச் 31-ல் முடிகிறது, அடுத்த ஆண்டுப் பணத்தை எதற்கு ஒதுக்குவது என்ற பேச்சு அதற்கு முன்பே நடந்துவிடும். ஆகவே மார்ச் 22 வரை தள்ளிப்போடாமல், அக்டோபர், நவம்பர் கூட்டங்களிலேயே இதை எடுத்துவிடுவது நல்லது.